பகல் ஒன்றரை மணிப் புழுக்கள்

1

இந்த ஊரில் உப்பைத் தரையில் கொட்டுகிறார்கள்.

கை தவறிச் சிந்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். லாரி லாரியாக, வேண்டுமென்றே, பனி விழுந்த தெருவெல்லாம் கொட்டுகிறார்கள். பனி உறைந்து கண்ணாடியானால் கார்கள் வழுக்கும். உப்பு பட்டால் இளகிவிடும். டொராண்டோ நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஓர் உப்புக் கிடங்கில், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை லாரிகளுக்கு உப்பு ஏற்றுவது என் வேலை. என் அப்பா முனுசாமி மரக்காணம் உப்பளத்தில் ஆயுள் முழுக்கப் பாத்தியில் நின்றவர். வரப்பில் ஒரு கை உப்பு சிந்தினால்கூடக் குனிந்து அள்ளி, மண்ணை ஊதிவிட்டுக் குவியலில் போடுவார். அவருடைய சின்ன மகனான எனக்கு உப்பைத் தெருவில் கொட்டச் சம்பளம் தருகிறார்கள். அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். வங்கியில் வேலை என்று சொல்லியிருப்பேன்.

நேற்று இந்தப் பருவத்தின் முதல் பனி. முதல் லாரிக்கு ஏற்றும்போது அண்ணன் நினைவு வந்தது. போன வருடம் முதல் பனி விழுந்த காலையில் அண்ணன் தனபால் என் வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் உப்பு லாரி போனது. அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

"டேய் சேகரு! லாரி பின்கதவு தெறந்துகிச்சுடா! உப்பு கொட்டிகினே போவுது! டிரைவரக் கூப்புடு!"

"கதவு தெறக்கலண்ணா. அப்பிடித்தான் கொட்டுவாங்க."

"யாரு?"

"கவர்மெண்டு."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது, அதை நாசூக்காக விசாரிக்க வேண்டும் என்பது போல ஒரு பார்வை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், தெருவிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வந்தார்.

"மட்டமான உப்பு," என்றார். "நம்ம மூணாந்தரம் இத விட நல்லா இருக்கும்."

அப்புறம் சோபாவில் உட்கார்ந்தார். சாக்ஸோடு. வந்த நாளிலிருந்து அந்தச் சாக்ஸைக் கழற்றவில்லை. குளிக்கும்போது கழற்றியிருப்பார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் வடிந்தால்தான் சேற்றை மிதித்துத் தரையை இறுக்கி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அண்ணன் வந்திருந்தார். "ஒன்னப் பாக்கணும் போல இருந்துச்சுடா" என்று விமான நிலையத்தில் சொன்னபோது என் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிவந்தது.

சாக்ஸைக் கழற்ற வைத்தது என் மகள் கயல். பதினொரு வயதில் இங்கே வந்தவள், அப்போது பதினாறு. தமிழ் அவளுக்கு மூட்டை கட்டி மேல் அலமாரியில் வைத்த குளிர்காலத் துணி மாதிரி. தேவைப்பட்டால் எடுப்பாள், மடிப்புக் கலையாமல் இருக்கும்.

"பெரியப்பா, ஸாரி, பட் உங்க சாக்ஸ் ரொம்ப நாறுது."

அண்ணன் என்னைப் பார்த்தார். என் மனைவி சுமதியைப் பார்த்தார். பிறகு கழற்றினார். இடது கால், கணுக்காலுக்குக் கீழே இன்னொருவருடைய கால் போல இருந்தது. வீங்கி, தடித்து, விரல் இடுக்குகள் வெடித்து.

யானைக்கால் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'வீக்கம்' என்போம். சுனாமி அலை வந்த வருடம் பாத்திகளில் கடல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. மாதக்கணக்கில் அண்ணன் அந்தச் சேற்றில் நின்று வெட்டி எடுத்தார். அதற்கு முன்பு வந்து வந்து போன வீக்கம் அதன் பிறகு போகவில்லை.

"டாக்டர்கிட்டப் போவலியா?" என்றாள் சுமதி.

"உப்புத் தண்ணியில நிக்கறவனுக்குப் புழுவாவது பூச்சியாவது. எல்லாம் செத்துப் போயிரும்மா. ஆனாலும் இங்க ஒரு தடவ ரத்தத்தப் பாத்துடணும்."

இது எங்கள் உப்பளத்துக்காரர்கள் எல்லோரும் நம்புவது. மீனைக் கருவாடாக்குகிற உப்பு, உடம்புக்குள் இருக்கிற புழுவை விட்டுவைக்குமா? நானும் நம்பியவன்தான். கொசு கடித்து ரத்தத்துக்குள் போன புழுவுக்கு, கால் எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்பது தெரியாது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

"அப்ப ஏண்ணா இப்ப மட்டும் பாக்கணும்?" என்றேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் மகள் மலருக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். இடையஞ்சாவடிப் பையன், ஆரோவில்லில் எலக்ட்ரீஷியன். பையனுக்கு மலரைப் பிடித்திருந்தது. மலருக்கும் பிடித்திருந்தது, அவள் பிடிக்கவில்லை என்று சொல்லாததிலிருந்து தெரிந்தது. ஆனால் பையனின் அப்பா அங்கே தோட்ட மேஸ்திரி, சட்டைப் பையில் எப்போதும் பேனா. பெண் பார்க்க வந்த அன்று மலரைவிட அண்ணனின் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அது குடும்பத்தோடு ஒட்டிவரும் நோய்.

"ரத்தத்துல புழு இல்லன்னு ஒரு பேப்பர் குடுத்துடுங்க. தை மாசத்துக்குள்ள குடுத்தா நிச்சயம் வச்சிடலாம். இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க," என்றாராம்.

"அதுக்கு மரக்காணத்துலயே ரத்தம் குடுத்திருக்கலாமேண்ணா?"

"டார்ச்சு வருமேடா!"

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலில் பதுங்கிக்கொண்டு, ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணி வரைதான் ரத்தத்தில் உலாவும். அதனால் சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரியில்தான் டார்ச் அடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். எந்த வாசலில் டார்ச் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறதோ, மறுநாள் டீக்கடையில் அந்த வீடுதான் பேச்சு. எங்கள் வீட்டில் டார்ச் நின்றதே இல்லை. தெருமுனையில் வெளிச்சம் தெரிந்ததும் அம்மா விளக்கை அணைத்து, வாசலில் வெளிப்பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்துவிடுவாள். நாங்கள் எல்லோரும் இருட்டில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்போம், கொசுக்கடி வாங்கிக்கொண்டு.

ஒரு டார்ச் வெளிச்சத்துக்குப் பயந்து என் அண்ணன் பாதி உலகத்தைத் தாண்டி வந்திருந்தார்.

சிரிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. காரணம், மாத்திரை. வருடத்துக்கு ஒருமுறை நர்சம்மா வீடு வீடாக வந்து அந்த மாத்திரைகளைக் கையில் கொடுத்து, கண் முன்னால் விழுங்கச் சொல்வார். ரத்தத்தில் புழு இருந்தால், அது சாகும்போது ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும். காய்ச்சலோடு பாத்தியில் நிற்க முடியாது. அதனால் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்து காட்டுவோம். நர்சம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "நாக்கத் தூக்கு" என்பார். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்: கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே. அவர் தெரு திரும்பியதும் வாய்க்காலில் துப்பிவிடுவோம். அந்த வித்தையை அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

நான் கனடா வந்த பிறகு அண்ணன் அந்தச் சிரமத்தைக்கூட விட்டுவிட்டார். நர்சம்மா வரும் நாளில் பாத்திக்குப் போய்விடுவார். "வந்ததும் குடுக்கறேங்க" என்று அண்ணி மாத்திரைகளை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். அரசாங்கம் கொடுத்ததைத் தூக்கிப் போடக் கூடாது என்பது அவள் கொள்கை.

3

இந்த நகரத்தில் வெப்பநாட்டு நோய்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவமனைப் பிரிவு உண்டு. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. தொலைபேசியில் பேசிய பெண்மணி மிக மரியாதையானவர்.

"இந்தப் பரிசோதனைக்கு ரத்தத்தை இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் எடுக்க வேண்டும், ஐயா."

"சரி. எத்தனை மணிக்கு வரட்டும்?"

"நாங்கள் நான்கு மணிக்கு மூடிவிடுவோம், ஐயா."

"அப்போது யார் எடுப்பார்கள்?"

"அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். இது அவசரமா?"

"முப்பது வருடமாக இருக்கலாம்."

"அப்படியானால் அவசரமில்லை."

இருந்தாலும், பனியால் யாரோ வராமல்போக, அண்ணன் வந்த ஐந்தாம் நாள் பகல் ஒரு மணிக்கு டாக்டரைப் பார்க்க இடம் கிடைத்தது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே கயல் வந்தாள். அது நான் தூங்கும் நேரம் என்பதால் பாதிக் கண்ணோடு போனேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயைத் திறந்து தூங்கிவிட்டார். மரக்காணத்தில் அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது.

"முனுசாமி!" என்று கூப்பிட்டார்கள்.

இரண்டு பேரும் எழுந்தோம். அப்பா பெயரை எங்கள் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த நாட்டில் நானும் முனுசாமி, அண்ணனும் முனுசாமி. பாத்தி வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அப்படியே போன மனிதரை, பத்து வருடம் கழித்து, வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒருவர் உரக்கக் கூப்பிடுகிறார். அரைத் தூக்கத்தில் இருந்த அண்ணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் வயதானவர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பல வருடங்கள் இருந்தவராம். அண்ணனின் காலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உடனே கதவைத் திறந்து இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் படத்தில் மட்டுமே பார்த்தவர்களாம்.

"என்னாடா இது, காலப் பாத்து இளிக்கறாரு?"

"சந்தோஷப்படறாருண்ணா."

"பொண்ணு வீட்டுக்காரனுக்கு மட்டும் இந்த மாதிரி ஒரு ஆளு சம்மந்தியா வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!"

எப்போதிலிருந்து வீக்கம் என்று டாக்டர் கேட்டார். அண்ணன் பதில் சொல்ல ஆரம்பித்தார். அலை வந்தது, பாத்தி போனது, சேறு வெட்டியது, முதல் காய்ச்சல், மலரின் பத்தாம் வகுப்பு மார்க், கழுவேலி ஏரியில் தண்ணீர் ஏறியது, பேனா வைத்த மேஸ்திரி. ஐந்து நிமிடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கயல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "கொஞ்ச நாளாக."

ராத்திரி ரத்தம் எடுக்க வழியில்லை என்று நான் சொன்னேன். டாக்டர் தூங்கி விழுந்துகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"இவர் வந்து எத்தனை நாள் ஆகிறது?"

"ஐந்து நாள்."

"பகலில் இப்படித்தான் தூங்குகிறாரா?"

"தினமும்."

"அப்படியானால் ராத்திரியில் எடுத்தால்தான் தப்பு. இவருடைய புழுக்களுக்குத் தாங்கள் கனடா வந்தது இன்னும் தெரியாது. அவை கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, இவர் தூங்குவதைப் பார்க்கின்றன. இன்னும் சில நாளில் பழகிவிடும். இப்போதைக்கு இவருக்கு நள்ளிரவு என்பது பகல் ஒன்றரை மணி."

கயல் மொழிபெயர்த்தாள். அண்ணனுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"என்னா சொல்ற! என் புழு இன்னும் மரக்காணத்து டயத்துலயா இருக்குது?"

"ஆமாம் பெரியப்பா. ஜெட் லேக்."

"அதுங்களுக்கும் சேத்து விசா எடுத்திருக்கணுமோ?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நீங்களும் அங்கே வளர்ந்தவர்தானே, எப்போது தூங்குவீர்கள் என்றார். இரவு ஷிப்ட், பகலில்தான் தூக்கம், ஐந்து வருடமாக என்றேன். "அற்புதம்" என்றார். "உங்களுக்கும் இப்போது நள்ளிரவுதான். உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள்." எனக்கு அது வீண்வேலை என்று பட்டது. என் கால்கள் இரண்டும் செதுக்கி வைத்தது போல இருக்கும். ஆனால் அண்ணன் ஊசியைப் பார்த்ததும், "மொத அவன் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பாத்தியில் கண்ணாடித்துண்டு குத்தினால் பல்லால் துணி கிழித்துக் கட்டிக்கொள்கிறவர்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு பெண்மணி எங்கள் தாளைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்போது பகல்."

"இவருக்கு ராத்திரி," என்றாள் கயல்.

"கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. இந்தப் பரிசோதனைக்கு நேரம் என்ற கட்டத்தில் இரவைத்தான் போட முடியும்."

"அப்படியானால் இரவு என்று போடுங்கள்."

"பொய் சொல்ல முடியாது."

டாக்டரே நேரில் வந்து சொன்ன பிறகு, அந்த அம்மாள் அச்சடித்த நேரத்தைக் கோடுபோட்டு அடித்தார். பக்கத்தில் கையால் 'பிற்பகல் 1.30' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார். அடியில் இரண்டு கோடு போட்டுக் கையெழுத்தும் இட்டார். நாளை யாரும் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்பது அந்தக் கோடுகளில் தெரிந்தது.

4

பத்து நாளில், ரத்தம் எடுத்த தாளின் நகலோடு, இரண்டு உறைகள் வந்தன. இரண்டிலும் பெயர் டி. முனுசாமி. தனபாலும் டி, தனசேகரும் டி. இரண்டிலும் பிறந்த நாள் ஜூன் முதல் தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எங்கள் வாத்தியார் ஊர்ப்பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் பிறக்க வைத்துவிட்டார்.

அண்ணன் ஓர் உறையை எடுத்துக் கயலிடம் நீட்டினார். அவள் படித்தாள். படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"என்னா பாப்பா?"

"புழு இருக்குன்னு போட்டிருக்கு."

அண்ணன் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைக் கையால் மெதுவாகத் தடவினார். "மலருக்கு எப்பிடிடா சொல்லுவேன்" என்றார். அந்தக் குரலை அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுதான் கடைசியாகக் கேட்டிருந்தேன்.

கயல் தாளை மறுபடி பார்த்தாள். "வெயிட். பெரியப்பா, நீங்க பொறந்தது எந்த வருஷம்?"

சொன்னார்.

"அப்ப இது நீங்க இல்ல." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்பா. இது நீ."

மற்ற உறையைப் பிரித்தோம். மூத்த முனுசாமியின் ரத்தத்தில் புழு எதுவும் காணப்படவில்லை. வீங்காத கால்களும், பளபளக்கும் பூட்ஸும், கனடா விலாசமும் கொண்ட இளைய முனுசாமியிடம்தான் புழுக்களின் குடித்தனம். டாக்டர் பிறகு விளக்கினார்: இது அப்படித்தான். வீங்கியவர் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகள் இருப்பதில்லை. குஞ்சுகளைச் சுமப்பவர் பார்க்க நன்றாக இருப்பார். பெரிய புழுக்கள் உள்ளே பல வருடம் உயிரோடு இருக்கும்.

மரக்காணத்தை நெஞ்சில் சுமக்கிறேன் என்று இந்த ஊர்த் தமிழ்ப் பத்திரிகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ரத்தத்தில் சுமந்திருக்கிறேன். சமையலறையில் இந்திய நேரம் காட்டும் ஒரு கடிகாரத்தை மாட்டி அதன் கீழே நின்று ஏங்கியிருக்கிறேன். என் புழுக்களோ வந்த சில நாளிலேயே ஊர் நேரத்தை மறந்துவிட்டன. நான் இரவில் உப்பு ஏற்றினால் அவை பகலில் உலாவின. குளிர் என்று முனகவில்லை. ஊர்ச்சங்கம் தேடவில்லை.

"அப்பா, உன் புழுவும் நைட் ஷிப்ட்தான் பாக்குது," என்றாள் கயல். ஐந்து வருடத்தில் முதல் முறையாக என் வேலையைப் பற்றி அவள் வாய்திறந்து பேசியது அன்றுதான்.

அண்ணனின் காலுக்கு டாக்டர் தந்த சிகிச்சை: தினமும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, வெடிப்புக்குக் களிம்பு, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது. உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்காமல் இருப்பது.

"காலக் கழுவிக்கோன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றார் அண்ணன். ஆனால் அன்று மாலையே கழுவினார். கயல் துண்டு எடுத்துக் கொடுத்தாள். பூட்ஸ் ஒரு ஜோடி நான் வாங்கித் தந்தேன், கிடங்கில் நாங்கள் போடுவது போல முழங்கால் வரை வருவது. இடது கால் மட்டும் மூன்று அளவு பெரியது.

5

தை மாதம் ஒரு நாள் காலை, நான் ஷிப்ட் முடித்து வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி அடித்தது.

"டேய், பேப்பரக் குடுத்தேன்டா. கண்ணாடி மாட்டிப் படிச்சாரு மேஸ்திரி. ஆரோவில்லுல பழக்கம் இல்லியா, இங்கிலீஷு நல்லாவே வருது. மண்டைய ஆட்டிகினே வந்தாரு. கடைசில ஒரு எடத்துல நின்னுட்டாரு."

"எங்கண்ணா?"

"ஒன்னு முப்பதுல."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இரண்டு கோடுகள்.

"'பகல்ல எடுத்த ரத்தத்துல புழு எப்பிடிங்க தெரியும்? எங்க ஊரு கொழந்தைக்குக்கூடத் தெரியும், அது ராத்திரிதான் வரும்னு' அப்பிடிங்கறாரு. அங்க பகல்னா இங்க ராத்திரிங்கன்னேன். 'ரத்தம் எடுக்கறப்போ நீங்க அங்க இருந்தீங்களா, இங்க இருந்தீங்களா?' அங்கதாங்கன்னேன். 'புழு?' அதுவும் அங்கதாங்க. 'அப்ப ரெண்டு பேருக்குமே பகல்தான?' அப்பிடின்னுட்டாருடா. நான் என்னா பதில் சொல்றது?"

"டாக்டர் சொன்னத சொல்ல வேண்டிதுதான?"

"சொன்னேன். புழுவுக்குத் தூக்கம் தெரியும்னு சொன்னேன். எழுந்து செருப்பு மாட்ட ஆரம்பிச்சிட்டாரு."

"அப்பறம்?"

"மலருதான். அதுவரிக்கும் கதவுக்குப் பின்னாடி நின்னுகினு இருந்த பொண்ணு, வெளிய வந்து, 'அப்பா, டார்ச்ச வரச் சொல்லுங்க'ன்னுடுச்சு."

அண்ணனே நர்சம்மா வீட்டுக்குப் போய் ராத்திரி ரத்தக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறார். நர்சம்மா முதலில் நம்பவில்லையாம். "ஒங்க வூட்லயா? வெளிய பூட்டுப் போட்டிருக்குமே!" என்றாராம். ராத்திரி பத்தரைக்கு டார்ச் வந்து, எங்கள் குடும்ப வரலாற்றில் முதல் முறையாக எங்கள் வாசலில் நின்றது. அண்ணன் நாற்காலி போட்டு, நடுவில் உட்கார்ந்து விரலை நீட்டியிருக்கிறார். தெருவே பார்த்தது. சாட்சிக்கு மேஸ்திரியையும் வரவழைத்திருந்தார்.

"குத்தி முடிச்சதும் நர்சம்மா திரும்பிப் பாத்துச்சு. 'வந்தவங்க எல்லாரும் குடுக்கணும். டார்ச்சு வந்த எடத்துல ஆளு பாத்து எடுக்க மாட்டோம்'ன்னுடுச்சு. மேஸ்திரி எழுந்துகினாரு. 'நான் சாப்ட்டுட்டேனே, சாப்ட்டா எடுக்கக் கூடாதுல்ல?'ன்னாரு."

"நர்சம்மா என்னா சொன்னாங்க?"

"'புழுவும் சாப்ட்டிருக்கும், வெரல நீட்டுங்க'ன்னுச்சு."

நானும் அண்ணனும் உலகத்தின் இரண்டு பக்கங்களில் நின்று சிரித்தோம். அண்ணனுக்கு இரண்டாம் முறையும் புழு இல்லை. மேஸ்திரியின் ரத்த முடிவை நர்சம்மா அவரிடம் மட்டும், மடித்துக் கொடுத்தாராம். அவர் அதைப் பிரித்துப் பார்த்து, பேனாவுக்குப் பின்னால் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மறுநாள் ஆள் அனுப்பினார்: இந்தப் பேப்பர் எல்லாம் எதுக்கு சம்மந்தி, பத்திரிகை அடிக்கக் குடுத்துடலாம்.

6

மிச்சம் இருந்தது நான்.

நர்சம்மா வாசலுக்கே வந்து கெஞ்சிக் கொடுக்கிற அந்த மாத்திரை இந்த நாட்டுக் கடைகளில் கிடையாது. தலைநகரத்தில் ஓர் அலுவலகத்துக்கு எழுதி, தனி அனுமதி வாங்கித் தருவிக்க வேண்டும். படிவங்கள் போயின. திரும்பி வந்தன. எடை கேட்டார்கள், எழுதினோம். கிலோவா பவுண்டா என்று கேட்டார்கள். நடுவில் அண்ணி ஒரு நாள் தொலைபேசியில், "நம்ம பிஸ்கட் டின்னு நெறயக் கெடக்குதே தம்பி, எந்த வருஷத்துது வேணும்னு சொல்லுங்க, அனுப்பறேன்" என்றாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தயவுசெய்து வேண்டாம்" என்றார். இன்னொரு செய்தியும் சொன்னார்: சில இடங்களில் அந்த மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்திருக்கிறார்களாம். தினமும் சோற்றோடு உள்ளே போய்விடும், யாரும் ஏமாற்ற முடியாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உப்பை ஒதுக்கிவைக்க முடியுமா என்று நான் யோசித்துப் பார்த்தேன். முடியாது.

கடைசிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நோயாளி இந்த மருந்தை இதற்கு முன் உட்கொண்டதுண்டா?

கயல் பேனாவோடு காத்திருந்தாள். "ஆமாவா, இல்லையா?"

"வாயில வச்சிருக்கேன்."

"வாட் டூ யூ மீன், வாயில?"

சொன்னேன். நாக்கு, கன்னம், வாய்க்கால், எல்லாம். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "நீ சின்னப் பையனா இருந்தப்பவா?" என்றாள்.

"கல்யாணமாயி, நீ பொறந்து, உனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது."

அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள். அழுத்தி.

அனுமதி மாசி கடைசியில் வந்தது. பன்னிரண்டு நாள் மாத்திரை. ஒரு காலை எட்டரை மணிக்கு, சுமதி சுட்ட இரண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு, முதல் வேளை மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். வெள்ளையாக, சின்னதாக, அதே மாத்திரை. கன்னத்தின் உட்பக்கம் தானாகவே இடம்விட்டுக் கொடுத்தது. ராத்திரி காய்ச்சல் வந்தால் ஷிப்டுக்குப் போக முடியாது, நாளை சனிக்கிழமை, அன்று பார்த்துக்கொள்ளலாமா என்று மனம் பழைய பேரத்தை ஆரம்பித்தது.

தொலைபேசி அடித்தது. அண்ணன்.

"டேய் சேகரு, இங்க நர்சம்மா மாத்திர கொண்டாந்திருக்குது. ஆளுங்க பாத்தியில இருந்து திரும்பற நேரம் பாத்து இப்ப சாயந்தரத்துலதான் வருது. நான் முழுங்கிட்டேன்டா. நெசமா. அண்ணி, மலரு, மாப்ள எல்லாரும் முழுங்கியாச்சு. ஒனக்கு வந்துச்சா?"

"கையிலதான் இருக்குது."

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. பிறகு தொலைபேசி கைமாறியது. ஐந்து வருடமாகக் கேட்காத குரல். கொஞ்சமும் மாறவில்லை.

"யாரு, கனடாத் தம்பியா? எனக்கு டிமிக்கி குடுத்துட்டுப் போன ஆளுதான? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். போடுங்க வாயில."

போட்டேன்.

"தண்ணி குடிங்க."

குடித்தேன்.

"வாயத் தெறங்க."

திறந்தேன். மாடியிலிருந்து பள்ளிக்கூடப் பையோடு இறங்கி வந்த கயல், படிக்கட்டில் அப்படியே நின்றாள். காதில் தொலைபேசியோடு, ஜன்னலைப் பார்த்து, வாயைப் பிளந்து நிற்கும் தகப்பன்.

"அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?"

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன். கயலுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வெளியே உப்பு லாரி ஒன்று கொட்டிக்கொண்டே போனது.

"கன்னத்தக் காட்டுங்க. ரெண்டு பக்கமும்."

விரலால் இழுத்துக் காட்டினேன். முதலில் இடது, பிறகு வலது.

மரக்காணத்திலிருந்தே நர்சம்மா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றார். "சரி. மூடிக்குங்க."